கிறிஸ்தவ சபைகளும் மக்கள் தொண்டும்

(ஆழ்வார்திருநகரியில் நடந்த பொதுக்கூட்டத்தில் செய்யப்பட்ட சொற்பொழிவு)



இன்று இங்கு நாம் பேச எடுத்துக்கொண்டிருக்கும் விஷயம், கிறிஸ்தவ சபைகள் மக்களுக்குச் செய்துவந்திருக்கும் தொண்டு எப்படிப்பட்டது, இனி அது எப்படி இருக்க வேண்டும் என்பதாகும். ஆழ்வார்திருநகரியில் நின்றுகொண்டு இதைப் பேசுவானேன் என்று சிலருக்குத் தோன்றலாம். இந்த ஊர் என்றால் ஆதிநாதர் கோவிலும், நம்மாழ்வார் இருந்ததாகச் சொல்லப்படும் புளியமரமும்தான் எல்லோருக்கும் ஞாபகம் வரும். ஆனால், இங்கே திருச்செந்தூர் போகிற ரயிலில் ஏறி உட்கார்ந்தால், வெற்றிலை மடித்து வாயில் போடுவதற்குள் வந்துவிடும் அடுத்த ஸ்டேஷனுக்கு நாசரேத் என்று பெயர். யூதர் நாட்டில் எங்கோ இருக்கிற ஒரு ஊரின் பெயர் நம் தாமிரவருணிப் பக்கத்துப் பனங்காட்டுக்குள் எப்படி வந்தது? அந்தப் பெயர் மாத்திரமா? மெஞ்ஞானபுரம், சாயர்புரம், முதலூர், பிரகாசபுரம், கிறிஸ்தியாநகரம் என்று வரிசையாய்ச் சொல்லிக்கொண்டே போகலாம். புளியமரத்துக்கு இவ்வளவு பக்கத்தில் இவ்வளவு சிலுவைகள் ஏன் முளைத்தன என்பதை யோசித்துப் பார்க்காமல், பாதிரிமாரைப் புகழுவதிலும் பிரயோஜனம் இல்லை. வைவதிலும் பிரயோஜனம் இல்லை.

நாம் எந்த மதத்துக்கும் வக்கீல் அல்ல. மோட்ச நரகத்தில் நமக்கு நம்பிக்கை இல்லை என்பது உங்களுக்குத் தெரிந்த சங்கதி. கன்னி பிள்ளை பெற்றாள் என்பதும், ஒரு குழந்தை பதினாறு வருஷம் வாய் திறக்காமல் மரத்தடியில் இருந்தது என்பதும் நமக்கு ஒரே தராசுத் தட்டில்தான். ஆகையால் இன்று நாம் வேதத்தை விசாரிக்கப் போவதில்லை. கணக்கைத்தான் விசாரிக்கப் போகிறோம். யார் யாருக்கு என்ன செய்தார்கள், அதனால் யார் தலை நிமிர்ந்தது, யார் தலை குனிந்தபடியே இருக்கிறது என்பதுதான் அந்தக் கணக்கு.

ஏன் போனார்கள்?

கிறிஸ்தவனாய்ப் போனவர்களைப் பற்றி நம் ஜனங்களுக்குள் ஒரு பேச்சு உண்டு. “சோற்றுக்கும் பால்மாவுக்கும் மதம் மாறினவன்” என்று பரிகாசமாய்ச் சொல்லுவார்கள். சரி, அப்படியே வைத்துக்கொள்வோம். ஒருவன் சோற்றுக்காகப் போனான் என்றால் வெட்கப்பட வேண்டியவன் யார்? பசியோடு போனவனா, அல்லது களஞ்சியத்தைப் பூட்டிச் சாவியை இடுப்பில் சொருகிக்கொண்டு அவனைப் போகவிட்டவனா? 1876 முதல் 1878 வரையில் தென்னாட்டில் பெரும் பஞ்சம் வந்தது. இந்த ஜில்லாவில் பல ஆயிரம் பேர் அப்போது மிஷன்களில் சேர்ந்தார்கள். அவர்களைப் பரிகாசம் செய்கிறவர்கள், அந்தப் பஞ்சத்தில் தங்கள் மடமும் சத்திரமும் பனை ஏறுகிறவனுக்கும் சேரியில் இருந்தவனுக்கும் பந்தியில் இலை போட்டதா என்பதை முதலில் சொல்லட்டும்.

சோறு மாத்திரம் அல்ல தோழர்களே! பனை ஏறிப் பிழைத்த சமூகத்தார் கோவிலுக்குள் போகக்கூடாது என்றிருந்தது. 1897-ல் கமுதிக் கோவிலுக்குள் நாடார்கள் நுழைந்தார்கள் என்று வழக்குப் போட்டு, அது லண்டன் பிரிவி கவுன்சில் வரைக்கும் போய், 1908-ல் அவர்களுக்கு அந்த உரிமை இல்லை என்றே முடிந்தது. 1899-ல் சிவகாசியில் இதே தகராறில் வீடுகள் எரிந்தன, உயிர்கள் போயின. அவர்களுக்கும் கீழே வைக்கப்பட்டிருந்த ஆதிதிராவிட மக்களின் கதியைச் சொல்லவே வேண்டியதில்லை. மதுரை மீனாட்சி கோவில் கதவு அவர்களுக்குத் திறந்தது 1939-ல்தான். சாமி “வெளியே நில்” என்றது. பாதிரி “உள்ளே வந்து உட்கார்” என்றார். இதில் தத்துவ விசாரணைக்கு என்ன இடம் இருக்கிறது?

திருநெல்வேலியில் முதல் புராட்டஸ்டண்டு கோவிலைக் கட்டியவர் யார் தெரியுமா? தஞ்சாவூரைச் சேர்ந்த ஒரு பார்ப்பன விதவை. உடன்கட்டை ஏறாதபடி ஒரு வெள்ளைக்கார அதிகாரி அவரைக் காப்பாற்றினார் என்று வழிவழியாய்ச் சொல்லுகிறார்கள். 1778-ல் கிளாரிந்தா என்ற பெயரோடு ஞானஸ்நானம் பெற்று, 1785-ல் பாளையங்கோட்டையில் அவர் கட்டிய கோவிலை இன்றைக்கும் ‘பாப்பாத்தியம்மாள் கோவில்’ என்றுதான் சொல்லுகிறார்கள். பார்ப்பன மதம் பனையேறியை மாத்திரம் அல்ல, தன் வீட்டுப் பெண்ணையே வெளியே தள்ளிற்று என்பதற்கு அந்தக் கட்டடம் நின்றுகொண்டு சாட்சி சொல்லுகிறது.

பெற்ற லாபம்

இனி வரவுப் பக்கத்தைப் பார்ப்போம். 1799-ல் முதலூர் உண்டாயிற்று. மதம் மாறினதற்காக அடியும் உதையும் பட்டவர்களுக்கு, தாவீது சுந்தரானந்தம் என்ற நம் நாட்டு உபதேசியார் முயற்சியால் நிலம் வாங்கிக் குடியேற்றிய ஊர் அது. முதல் ஊர் ஆனதால் முதலூர். 1820-ல் பாளையங்கோட்டைக்கு வந்த ரேனியஸ் என்ற ஜெர்மானியப் பாதிரியார் காலத்தில், 1830-ல் தர்ம சங்கம் என்று ஒன்று வைத்து, விரட்டப்பட்டவர்களுக்குக் குடியிருக்க நிலம் வாங்கும் ஏற்பாட்டைச் செய்தார்கள். ஏழைக்குக் காலடி மண் சொந்தமாய் இருந்தால்தான் பண்ணையார் முன்னால் நிமிர்ந்து நிற்க முடியும் என்பதை அவர்கள் கண்டுகொண்டார்கள்.

நம் பக்கத்து நாசரேத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். 1870-ல் அங்கே டாக்டர் ஸ்ட்ராக்கன் என்பவரால் ஆஸ்பத்திரி ஆரம்பமாயிற்று. 1876-ல் வந்த மர்காஷிஸ் பாதிரியார் 1908-ல் சாகிற வரைக்கும் அங்கேயே இருந்தார். பஞ்சத்தில் தாய் தகப்பனை இழந்த பிள்ளைகளுக்கு அநாதை விடுதி வைத்தார். அந்தப் பிள்ளைகள் ஜெபம் பண்ணிக்கொண்டே காலம் கழிக்கட்டும் என்று விட்டுவிடாமல், 1878-ல் தொழிற்பள்ளி வைத்துக் கைத்தொழில் கற்றுக்கொடுத்தார். பாளையங்கோட்டையில் கண் தெரியாதவர்க்கும் காது கேளாதவர்க்கும் பள்ளிக்கூடங்கள் வந்தன. 1895-ல் சாராள் டக்கர் பள்ளி பெண்கள் கல்லூரியாயிற்று. கண் இல்லாதவன் முன் ஜன்மத்தில் பாவம் செய்தான், விதவை மூலையில் கிடக்க வேண்டும், சூத்திரனுக்கு எழுத்து எதற்கு என்று சொல்லிக்கொண்டிருந்த நாட்டில் இவையெல்லாம் நடந்தன. இதற்காக நன்றி சொல்லுவதில் பகுத்தறிவுக்காரனுக்கு எந்த வெட்கமும் இல்லை. அவர்கள் எந்த உத்தேசத்தோடு செய்தாலும் ஆஸ்பத்திரி மருந்து காய்ச்சலைத்தான் குணப்படுத்திற்று; பள்ளிக்கூடத்தில் படித்த எழுத்து அடிமைப் பத்திரத்தைத்தான் படித்துக் கிழிக்கச் செய்தது.

மேலே இருந்து கொடுத்த கை

ஆனால் தோழர்களே! தொண்டு செய்வதில் இரண்டு விதம் உண்டு. மேலே நின்று கீழே போடுவது ஒன்று. பக்கத்தில் உட்கார்ந்து பங்கு போடுவது ஒன்று. முதலாவதில் வாங்குகிறவனுக்கு வயிறு நிரம்பும், முதுகு நிமிராது. நம் ஜில்லாவில் மிஷன் நடந்த காலமெல்லாம் இந்த இரண்டுக்கும் சண்டை நடந்துகொண்டே இருந்திருக்கிறது.

மேலே சொன்ன ரேனியஸ், தன் பள்ளியில் எல்லா ஜாதிப் பிள்ளைகளும் சேர்ந்து உட்கார்ந்து சாப்பிட வேண்டும் என்று நிர்ப்பந்தம் செய்தவர். நம் நாட்டு உபதேசியார்களுக்கு, பிஷப்பின் கைக்காகக் காத்திராமல், குருப்பட்டம் கொடுக்க வேண்டும் என்றும் வாதாடினார். அதற்காக அவரை அனுப்பிய சங்கமே 1835-ல் அவரை நீக்கிவிட்டது. தமிழன் சபையில் உபதேசியாராய் வெய்யிலில் நடக்கலாம். குருவாய் மேடையில் நிற்பதற்குச் சீமையிலிருந்து உத்தரவு வரவேண்டும்!

கால்டுவெல் இடையன்குடியில் ஐம்பது வருஷம் வரையில் உழைத்தவர். திராவிட மொழிகளைப் பற்றி 1856-ல் அவர் எழுதிய ஒப்பிலக்கணத்துக்காக நாம் அவருக்கு என்றும் கடன்பட்டவர்கள். ஆனால் அவரே 1849-ல், எந்த மக்களுக்குத் தொண்டு செய்தாரோ அந்த மக்களையே தாழ்வாய் எழுதி ஒரு புஸ்தகம் போட்டார். அதை எதிர்த்துக் கிளம்பியவர்களில் முக்கியமானவர் சட்டாம்பிள்ளை என்ற அருமைநாயகம். மிஷனிலிருந்து நீக்கப்பட்ட அவர், 1857-ல் நாசரேத்தை அடுத்த பிரகாசபுரத்தில், வெள்ளைக்காரப் பணமும் வேண்டாம், வெள்ளைக்கார மேலாதிக்கமும் வேண்டாம் என்று தனிச் சபையே வைத்தார். அவருடைய வேதக் கொள்கைகள் எதுவும் நமக்கு உடன்பாடு அல்ல. ஆனால் “நீ கொடுக்கிற கஞ்சிக்காக என் மானத்தைக் கொடுக்க மாட்டேன்” என்ற அந்த எண்ணம் இருக்கிறதே, அதற்குத்தான் சுயமரியாதை என்று பெயர்.

வெள்ளாளன்விளையில் 1874-ல் பிறந்த அசரியா, 1912-ல் ஆங்கிலிக்கன் சபையில் முதல் இந்திய பிஷப் ஆனவர். அவர் 1910-ல் எடின்பரோவில் கூடிய உலக மகாநாட்டில் வெள்ளைக்காரப் பாதிரிமாரின் முகத்துக்கு எதிரே, நீங்கள் பொருளையும் உடலையும் கொடுத்தீர்கள், எங்களைச் சமமாய் வைத்து நட்பை மாத்திரம் கொடுக்கவில்லை என்ற கருத்துப்படப் பேசினார். நம் பனங்காட்டிலிருந்து போன ஒருவர் உலகத்துக்குச் சொன்ன அந்த வார்த்தை, இன்றைக்கு வெள்ளைக்காரப் பாதிரி ஒருவரும் இல்லாத சபைகளுக்கும் அப்படியே பொருந்துகிறது. எப்படி என்று சொல்லுகிறோம்.

சுவரும் கல்லறையும்

வள்ளியூருக்குத் தெற்கே வடக்கன்குளம் இருக்கிறது. அங்கே 1872-ல் கத்தோலிக்கர்கள் ஒரு மாதா கோவில் கட்டினார்கள். கட்டடத்தைக் கால்சட்டையைப் போல இரண்டு காலாய்ப் பிரித்து, வேளாளர் முதலியோர் ஒரு காலில், நாடார் முதலியோர் மற்றக் காலில், பூசை செய்கிற குருவானவர் இரண்டுக்கும் பொதுவான இடத்தில் என்று வைத்தார்கள். ஒருவரை ஒருவர் பார்த்தால் தீட்டு. ஆனால் அப்பம் மாத்திரம் ஒரே ஆண்டவருடைய சரீரம்! 1910-ல் கௌசானல் பாதிரியார் நடுச் சுவரை இடித்துத் தள்ளினார். உடனே வேளாளக் கிறிஸ்தவர்கள் ‘எங்கள் பாத்தியதை போயிற்று’ என்று கோர்ட்டுக்குப் போனார்கள். சென்னை ஹைக்கோர்ட் வரையில் போய்த் தோற்றார்கள். சுவரை இடித்த ஒரு பாதிரியாருக்கு நாம் கைதட்டுவோம்; ஆனால் அதைக் கட்டி நாற்பது வருஷம் வரையில் அதற்கு உள்ளே ஜெபம் சொன்னவர்கள் யார் என்றும் கேட்போம்.

இன்னொரு வேடிக்கை. அதே வடக்கன்குளத்தில் 1745-ல் ஞானஸ்நானம் பெற்று, 1752-ல் திருவிதாங்கூர் ராஜ்யத்தில் கொல்லப்பட்ட தேவசகாயம் என்பவருக்கு 2022-ல் போப் புனிதர் பட்டம் கொடுத்தார். அப்போது அவர் பெயரோடு வழங்கிவந்த ‘பிள்ளை’ என்ற ஜாதிப் பட்டத்தை நீக்கிவிட்டே கொடுத்தார்கள். பெயருக்குப் பின்னால் ஜாதிப் பட்டம் கூடாது என்று 1929-ல் செங்கற்பட்டு சுயமரியாதை மகாநாடு தீர்மானித்த சங்கதி ரோமாபுரிக்குப் போய்ச் சேரத் தொண்ணூற்று மூன்று வருஷம் ஆயிற்று! போனாலும் போயிற்றே என்று சந்தோஷப்படுகிறோம். ஆனால் செத்தவருக்கு ஜாதி போயிற்று. உயிரோடு இருக்கிறவனுக்குப் போயிற்றா?

திருச்சி மேலப்புதூரில் கிறிஸ்தவக் கல்லறையை ஜாதிக்கு ஒரு பக்கமாய்ப் பிரித்து நின்ற சுவரைப் பற்றி எத்தனையோ கிளர்ச்சிகள் நடந்திருக்கின்றன. விழுப்புரம் பக்கத்து எறையூரில் தாழ்த்தப்பட்ட கிறிஸ்தவர்கள் தங்களுக்குச் சம உரிமை, இல்லாவிட்டால் தனிப் பங்கு என்று கேட்டதன் பேரில் 2008 மார்ச்சில் கலவரமாகி, போலீஸ் சுட்டு இரண்டு உயிர்கள் போயின. 1950-ல் ஜனாதிபதி போட்ட உத்தரவின்படி, தாழ்த்தப்பட்டவன் கிறிஸ்தவனானால் ஷெட்யூல்டு ஜாதிச் சலுகை கிடையாது. பிற்பாடு சீக்கியருக்கு 1956-லும் பௌத்தருக்கு 1990-லும் அந்தச் சலுகை கொடுக்கப்பட்டது; கிறிஸ்தவனுக்கு இல்லை. அவன் கதியைப் பாருங்கள்: சர்க்கார் ‘உனக்கு ஜாதி இல்லை’ என்கிறது; பிரசங்கியாரும் ‘கிறிஸ்துவுக்குள் ஜாதி இல்லை’ என்கிறார்; பெண் கொடுக்கிறவனும் குழி வெட்டுகிறவனும் மாத்திரம் ‘நீ என்ன ஜாதி?’ என்று கேட்கிறார்கள். சலுகை வேண்டுமென்று சபைத் தலைவர்கள் டில்லிக்குப் போய்க் கேட்பது நியாயமான காரியம்தான். ஆனால் டில்லி கொடுக்க வேண்டியதைக் கேட்கிற அதே வாயால், தாங்களே கொடுக்கக்கூடிய சமத்துவத்தைத் தங்கள் சேகரத்திலும் பங்கிலும் கொடுக்க வேண்டாமா?

இன்றைய கணக்கு

1947-ல் தென்னிந்திய திருச்சபை உண்டாயிற்று. 2003-ல் திருநெல்வேலித் திருமண்டலத்திலிருந்து தூத்துக்குடி-நாசரேத் திருமண்டலம் தனியாயிற்று. பிஷப்பும் நம்மவர், குருவும் நம்மவர், கமிட்டியும் நம்மவர். ஆனால் மேலே இருந்த நாற்காலி அப்படியே இருக்கிறது. உட்கார்ந்த ஆள்தான் மாறியிருக்கிறார்.

மிஷன் பள்ளிக்கூடங்கள் பெரும்பாலும் உதவி பெறும் பள்ளிகள். வாத்தியார்களுக்குச் சம்பளம் கொடுப்பது சர்க்கார்; அதாவது உங்கள் வரிப்பணம். ஆளை நியமிப்பது நிர்வாகம். ஆகவே கமிட்டியில் இடம் என்பது வேலை கொடுக்கும் அதிகாரமாய் ஆகிவிடுகிறது. அதற்குத்தான் திருமண்டலத் தேர்தல் என்றால் சட்டசபைத் தேர்தலைத் தோற்கடிக்கும் கோஷ்டிகள், நோட்டீசுகள், கோர்ட்டு வழக்குகள். தென்னிந்திய திருச்சபையின் விவகாரங்களைக் கவனிக்க, ஓய்வுபெற்ற நீதிபதிகளை ஹைக்கோர்ட் நியமிக்க வேண்டியதாயிற்று என்றால், இது ஆத்தும இரட்சிப்புக்கான சண்டையா, ஆஸ்திக்கான சண்டையா என்பதை நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

அந்தக் காலத்தில் மிஷன் செய்த வேலைகளில் பெரும்பாகத்தை இன்று சர்க்காரே செய்கிறது. பள்ளிக்கூடம் ஊர்தோறும் இருக்கிறது. மத்தியானச் சாப்பாடு இருக்கிறது. தர்ம ஆஸ்பத்திரி இருக்கிறது. அப்படியானால் சபைகளுக்கு வேலை இல்லையா? வேண்டியமட்டும் இருக்கிறது. தூத்துக்குடி உப்பளங்களில் வெய்யிலின் கூச்சத்தில் கண் கெட்டு, உப்புத் தண்ணீரில் கால் வெடித்து நிற்கும் பெண்களுக்குக் குடிதண்ணீரும் நிழலும் கிடைக்கிறதா என்று பார்த்த சேகரம் எத்தனை? பனையிலிருந்து விழுந்து இடுப்பொடிந்தவன் வீட்டில் அடுப்பெரிகிறதா என்று பார்த்தவர் எத்தனை? பீடி சுற்றும் பெண்ணின் கூலிச் சீட்டைப் படித்துப் பார்த்து, ‘இது குறைவு’ என்று அவளோடு கூடப் போய்க் கேட்ட குருவானவர் எத்தனை பேர்? பிள்ளைகள் வெளியூருக்குப் போய்விட, பெரிய வீட்டில் தனியாய்க் கிடக்கும் கிழவன் கிழவி எத்தனை? இதற்கெல்லாம் கோபுரம் வேண்டாம். வெளிநாட்டுப் பணமும் வேண்டாம்.

என்ன செய்ய வேண்டும்?

சபைக்காரர்களுக்கு நாம் ஐந்து காரியங்கள் சொல்லுகிறோம். இவற்றுக்கு வேதத்தைக் கைவிட வேண்டிய அவசியம்கூட இல்லை.

முதலாவது, கணக்கு. ஸ்தோத்திரப் பண்டிகையில் ஒரு பூசணிக்காயை ஏலம் எடுத்தவன் பெயரை ஒலிபெருக்கியில் சொல்லுகிறீர்களே, அந்தப் பணம் போன வழியையும் அதே ஒலிபெருக்கியில் சொல்லுங்கள். வருஷக் கணக்கைக் கோவில் வாசலில் ஒட்டுங்கள்.

இரண்டாவது, நியமனம். சர்க்கார் சம்பளம் கொடுக்கும் வேலைக்கு, தகுதியையும் தேவையையும் பார்த்து வெளிப்படையாய் ஆள் எடுங்கள். சபையில் கடைசி வரிசையில் இருக்கும் வீட்டுப் பிள்ளைக்கு முதல் வரிசையில் இடம் கொடுங்கள்.

மூன்றாவது, ஜாதி. கல்லறைத் தோட்டம் ஒன்றாயிருக்கட்டும். அசனப் பண்டிகையில் எல்லோரும் ஒரே பந்தியில் உட்கார்ந்து ஒரே சோற்றைச் சாப்பிடுவது மெத்தச் சரி. அந்தப் பந்தியில் பக்கத்தில் உட்கார்ந்தவன் வீட்டில் பெண் எடுக்கவும் கொடுக்கவும் துணியுங்கள். ஜாதி பார்த்து ஓட்டுக் கேட்கிறவனைக் கமிட்டிக்கு அனுப்பாதீர்கள்.

நான்காவது, பெண்கள். கோவிலை நிரப்புகிறவர்கள் பெண்கள். உலை வைக்கும்போது ஒரு பிடி அரிசி எடுத்து வைத்துச் சபையை வளர்த்தவர்கள் பெண்கள். தென்னிந்திய திருச்சபையில் முதல் பெண் பிஷப் வர 2013 வரையில் காத்திருக்க வேண்டியிருந்தது; அதுவும் ஆந்திர நாட்டு நந்தியாலில். ரோமன் கத்தோலிக்கத்தில் பெண் குருவாகவே கூடாது. அரிசி கொடுத்த கைக்குச் சாவி கொடுக்காத இடத்தில் தொண்டு என்ற பேச்சு எதற்கு?

ஐந்தாவது, எல்லாவற்றிலும் முக்கியமானது. உதவி செய்யும்போது ‘நீ எந்தச் சபை?’ என்று கேட்காதீர்கள். ஞானஸ்நானக் கணக்கைக் கூட்டுவதற்காகச் செய்கிற தர்மம், வட்டிக்குக் கொடுக்கிற பணத்தைப் போன்றது.

கைதட்டிய தோழர்களுக்கு

கிறிஸ்தவர்களின் குறையைச் சொன்னபோது சில தோழர்கள் பலமாய்க் கைதட்டினீர்கள். அந்தக் கைகளை உங்கள் பக்கமும் கொஞ்சம் திருப்புங்கள். அவர்களாவது சுவரைக் கட்டினார்கள், இடித்தார்கள், அதற்காகச் சண்டை போட்டார்கள். நம் கோவில்களில் எல்லா ஜாதியாரும் அர்ச்சகராகலாம் என்று சட்டம் வந்தது 1970-ல். படித்துத் தேறியவர்கள் இருபதுக்கு மேற்பட்ட பேர் ஒருசேர நியமனம் பெற்றது 2021-ல். இடையில் ஐம்பது வருஷம் கோர்ட்டிலே போயிற்று. நாசரேத்துக்குப் போகாதே என்று ஒருவனைத் தடுப்பதற்கு உங்களுக்கு யோக்கியதை வேண்டுமானால், அவன் இங்கேயே மனிதனாய் இருப்பதற்கு வழி செய்யுங்கள். அதைச் செய்யாமல், மதம் மாற்றத் தடைச் சட்டம் வேண்டும் என்று கூச்சலிடுவது, வீட்டுக்குள் அடித்துக்கொண்டே வாசலைப் பூட்டுவதற்கு ஒப்பாகும்.

மதம் பார்க்காமல் தொண்டு செய்ய முடியுமா என்று சந்தேகப்படுகிறவர்கள், 2023 டிசம்பர் 17, 18 தேதிகளை நினைத்துப் பாருங்கள். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை பெய்தது. தாமிரவருணி கரை புரண்டது. திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குப் புறப்பட்ட எக்ஸ்பிரஸ், நமக்கு அடுத்த ஸ்டேஷனாகிய ஸ்ரீவைகுண்டத்தில் எண்ணூறு பேரோடு நின்றுவிட்டது. தண்டவாளத்துக்கு அடியில் மண் இல்லை, சுற்றிலும் வெள்ளம். அந்த ஜனங்களுக்கு முதலில் சோறு ஆக்கிக் கொண்டுவந்து கொடுத்தவர்கள் பக்கத்துக் கிராமத்து ஜனங்கள். ரயிலில் இருந்தவர்களில் முருகனைக் கும்பிட்டு வந்தவர் எத்தனை, ஏசுவைக் கும்பிடுகிறவர் எத்தனை, தொழுகிறவர் எத்தனை என்று அவர்கள் எண்ணவில்லை. வாங்கித் தின்றவர்களும் ஆக்கினவர் ஜாதி என்ன என்று கேட்கவில்லை. மோட்சம் கிடைக்கும் என்று எந்தக் குருவும் அவர்களுக்கு ஆசை காட்டவில்லை. பசித்தவன் முகத்தைப் பார்த்தார்கள். பானையை அடுப்பில் ஏற்றினார்கள்.

வெள்ளம் வந்தபோது மூன்று நாளைக்கு முடிந்த இந்தக் காரியம், வெள்ளம் வடிந்த பிறகு வருஷம் முழுவதும் ஏன் முடியாது? இதைச் சர்ச்சும் செய்யட்டும், கோவிலும் செய்யட்டும், பள்ளிவாசலும் செய்யட்டும், இவை மூன்றும் வேண்டாம் என்கிற நாமும் நம் ஊர்தோறும் செய்வோம். யார் செய்கிற தொண்டில் வாங்குகிறவனும் கொடுக்கிறவனும் ஒரே பாயில் உட்காருகிறார்களோ, அதுதான் தொண்டு.

நாம் சொல்லிவிட்டோம் என்பதற்காக இதை நம்பிவிட வேண்டாம். நாளைக் காலையில் உங்கள் ஊர்ச் சபையின் கணக்கைப் பாருங்கள். கல்லறைத் தோட்டத்தை ஒருமுறை சுற்றி வாருங்கள். கமிட்டியில் இருப்பவர்கள் பெயரை எழுதி, அதில் யார் இல்லை என்று எண்ணிப் பாருங்கள். கண்ணால் கண்டதை உங்கள் அறிவைக் கொண்டு நிறுத்துப் பார்த்து, சரியென்று பட்டால் செய்யுங்கள். தவறென்று பட்டால் அடுத்த கூட்டத்தில் எழுந்து நின்று நம்மைக் கேளுங்கள்.